கேயா தீவுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு: நான்கு பழைய நகரங்களைத் தேடி மூன்று நாள்

கிரேக்கத் தீவு என்றாலே வெள்ளைச் சுவரும் நீலக் குவிமாடமும்தான் நினைவுக்கு வரும் என்றால், கேயா உங்களை முதலில் கொஞ்சம் ஏமாற்றும். தலைநகரான மலையூரில் வீடுகளுக்கு ஓட்டுக் கூரை. சரிவுகளில் ஓக் மரங்கள். வார இறுதியில் வந்து இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏதென்ஸ்காரர்கள். கடல் மட்டும் எதிர்பார்த்தபடியே நீலமாக இருக்கும்.

தீவின் பரப்பு சுமார் 130 சதுர கிலோமீட்டர். ஆண்டு முழுக்க இங்கேயே இருப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். இந்தச் சின்ன நிலத்தில் பழங்காலத்தில் நான்கு தனித்தனி நகர அரசுகள் இருந்தன: யூலிஸ், கார்தெயா, கொரேசியா, போயியேசா. ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை, தனிக் கோயில், தனிச் சட்டம். நாணயம்கூடத் தனித்தனியாக அடித்தார்கள். கடற்கரைகளை வரிசைப்படுத்திச் சொல்லும் வழிகாட்டிகள் நிறைய உண்டு. நான் சொல்லும் ஒழுங்கு வேறு. இந்த நான்கு நகரங்களையும் தேடிப் போங்கள். தீவின் மலை, பள்ளத்தாக்கு, துறைமுகம் எல்லாம் தானாகவே பார்த்து முடிந்துவிடும். குளிக்கக் கடலும் வழியிலேயே வரும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

வரைபடத்தில் கேயா. தீவுக்காரர்கள் வாயில் ட்சியா. பழைய நூல்களில் கேயோஸ். மூன்றும் ஒரே இடம். ஆனால் கோஸ் என்பது துருக்கிக் கரையோரம் இருக்கும் வேறொரு பெரிய தீவு. மருத்துவர் ஹிப்போக்ரட்டீஸ் பிறந்த இடம். டிக்கெட் போடும்போது அவசரத்தில் அதைத் தட்டிவிட்டால் ஈஜியன் கடலின் மறுகோடிக்குப் போய்ச் சேருவீர்கள்.

ஊர்களுக்கும் இதே கதைதான். மலையூரின் இன்றைய பெயர் யூலிதா, பேச்சில் ஹோரா, பழம்பெயர் யூலிஸ். துறைமுகம் இன்று கொரிஸியா. பழைய கொரேசியா அதே இடம். போயியேசா இருந்த பள்ளத்தாக்கு இப்போது பீசெஸ். கார்தெயாவுக்கு மட்டும் புதுப்பெயர் எதுவும் தேவைப்படவில்லை, அங்கே ஊரே இல்லை.

எப்போது போவது

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் முதல் வாரம் வரை, இல்லையென்றால் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை. நடக்கப்போகிறீர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வசந்தத்தில் சரிவெல்லாம் பூத்துக் கிடக்கும், கடல் மட்டும் சில்லென்றிருக்கும். செப்டம்பரில் மலை காய்ந்து பழுப்பாகிவிடும், கடல் வெதுவெதுப்பாக இருக்கும். எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம்.

ஜூலை, ஆகஸ்டில் மெல்டேமி என்ற வடகாற்று அடிக்கும். பலமாக அடித்தால் கப்பல் நின்றுவிடும். இந்தக் காற்றுக்குக் கேயாவிலேயே ஒரு புராணம் உண்டு. கோடையில், நாய் விண்மீன் என்று பழையவர்கள் அழைத்த சிரியஸ் எழும் காலத்தில் தீவுகளில் வெக்கையும் கொள்ளைநோயும் தாங்கவில்லை. அப்போலோவின் மகன் அரிஸ்டையோஸ் தந்தை சொற்படி கேயாவுக்கு வந்து, மழை தரும் ஸீயஸுக்கு மலைமேல் பலிபீடம் கட்டிப் பலியிட்டான். ஸீயஸ் மனமிரங்கி 40 நாள் குளிர்ந்த வடகாற்றை அனுப்பினார். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் தீவுக்காரர்கள் சிரியஸ் உதிப்பதைப் பார்த்துக் காத்திருந்தார்கள். தெளிவாகத் தெரிந்தால் அந்த ஆண்டு உடல்நலத்துக்குக் குறைவில்லை, மங்கலாகத் தெரிந்தால் நோய் வரும் என்று கணக்கு. கேயா நாணயங்களில் கதிர் வீசும் நாய்த் தலை ஒன்றைப் பார்க்கலாம், சிரியஸ்தான் அது. ஆக, ஆகஸ்டில் கப்பல் ரத்தாகித் துறைமுகத்தில் நிற்க நேர்ந்தால் யாரைத் திட்டுவது என்று தெரிந்துகொண்டே திட்டலாம்.

போய்ச் சேரும் வழி

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் ஷெங்கன் விசா வேண்டும். அந்தப் படலம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கோடைக்கு முன் நேர்காணல் தேதி கிடைப்பது கஷ்டம் என்பதால் சீக்கிரம் தொடங்குங்கள்.

மற்றத் தீவுகளுக்குப் போகிறவர்கள் பிரேயஸ் துறைமுகத்துக்கு ஓடுவார்கள். நீங்கள் அங்கே போக வேண்டாம். கேயா கப்பல் கிளம்புவது, ஏதென்ஸைச் சுற்றிய பகுதியான அட்டிக்காவின் தென்கிழக்கு முனையில் இருக்கும் லாவ்ரியோவிலிருந்து. ஏதென்ஸ் விமான நிலையமும் அந்தப் பக்கம்தான் என்பதால், விமானம் பகலில் இறங்கினால் நகருக்குள் நுழையாமலே நேராக லாவ்ரியோ போய்விடலாம். டாக்சி எளிது, பேருந்தில் போனால் மார்கோபூலோவில் மாற வேண்டியிருக்கும். ஏதென்ஸ் நகரிலிருந்து என்றால் பெடியோன் டூ ஆரியோஸ் பூங்கா அருகே லாவ்ரியோ பேருந்து கிளம்புகிறது. கப்பல் பயணம் ஒரு மணி நேரம். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் ஏதென்ஸ்காரர்கள் கூட்டம் இருக்கும். திங்களன்று போய் வியாழனன்று திரும்புகிற மாதிரி திட்டமிட்டால் கூட்டமும் இல்லை, வாடகையும் குறைவு.

கப்பலில் ஏறியதும் உள்ளே போய் உட்கார்ந்துவிடாமல் மேல்தளத்தில் நில்லுங்கள். லாவ்ரியோவுக்கு நேர் எதிரே நீளமாக, மொட்டையாக ஒரு தீவு கிடக்கும். அது மக்ரோனிசோஸ். 1940களின் கடைசியில், உள்நாட்டுப் போரின்போது, இடதுசாரிகளைக் கொண்டுபோய் அடைத்து வதைத்த இடம். அதைத் தாண்டினால் கேயா நீரிணை. 1916 நவம்பர் 21 அன்று டைட்டானிக்கின் தங்கைக் கப்பலான பிரிட்டானிக், அப்போது மருத்துவமனைக் கப்பலாக இருந்தது, இங்கே கண்ணிவெடியில் மோதி 55 நிமிடத்தில் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள், 30 பேர் இறந்தார்கள். 1975இல் பிரெஞ்சுக் கடலாய்வாளர் கூஸ்டோவின் குழுவினர் அதைக் கண்டுபிடித்தார்கள். சுமார் 120 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. தேர்ந்த ஆழ்கடல் முக்குளிப்பாளர்களுக்கு மட்டுமே எட்டும் இடம்.

நீங்கள் போகும் இந்தத் தடம் மிகப் பழையது. லாவ்ரியோ மலைகளில் வெள்ளியும் ஈயமும் செம்பும் உண்டு. வெண்கலக் காலத்தில் அந்தத் தாது கடல் தாண்டிக் கேயாவுக்கு வந்தது. இந்தத் தீவில் மனிதர்கள் கூடி வாழ்ந்ததற்கு அந்த உலோகம் ஒரு பெரிய காரணம். மூன்றாம் நாள் அதைப் பார்க்கப் போவோம்.

தங்குவதும் சுற்றுவதும்

கொரிஸியாவில் தங்கினால் கப்பலுக்கு வசதி. வடக்கே வூர்காரி என்ற குடாவோரச் சிற்றூரில் தங்கினால் பாய்மரப் படகுக்காரர்களோடு சேர்ந்து விலை கூடிய மீன் சாப்பிடலாம். நான் யூலிதாவைத்தான் சொல்வேன். அறைகள் குறைவு, படிகள் அதிகம், சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஏற முடியாது. முதுகுப் பையோடு வாருங்கள். ஊருக்குள் கார் கிடையாது. ஓரத்திலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். பகல் சுற்றுலாக்காரர்கள் இறங்கிப் போனபின் சதுக்கத்துக் காப்பிக் கடையில் ஊர்ப் பெரியவர்களோடு உட்காரலாம், அது ஒன்றுக்கே அந்தப் படிகளை ஏறலாம்.

பேருந்து கோடையில் துறைமுகத்துக்கும் யூலிதாவுக்கும் ஓடும், மற்றபடி நம்ப முடியாது. டாக்சிகள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். எனவே ஒரு நாளாவது வாடகைக் கார் தேவைப்படும். இந்திய ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்கள் ஊரிலேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு வாருங்கள். இங்கே வந்தபின் கிடைக்காது. சாலை குறுகல், வளைவு அதிகம், வண்டிகள் வலப்பக்கம் போகும். துறைமுகத்துப் பக்கத்திலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். ஸ்கூட்டர் ஆசை வேண்டாம், மலை முகட்டில் காற்று தள்ளும்.

முதல் நாள்: யூலிஸ்

காலையில் தொல்லியல் அருங்காட்சியகம். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, பிற்பகலில் சீக்கிரம் மூடிவிடுவார்கள். எந்த நாள் என்று தங்குமிடத்தில் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பலரும் இதைக் கடைசி நாளுக்குத் தள்ளிவைப்பார்கள். அது தவறான வரிசை. கேயாவின் தொல்லிடங்களில் வெறும் கல் அடித்தளங்கள்தான் எஞ்சியிருக்கின்றன. அங்கே கிடைத்தவை பெரும்பாலும் இந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இதைப் பார்க்காமல் போனால் வேலிக்கு வெளியே நின்று கற்குவியலைப் பார்த்துவிட்டு வருவீர்கள்.

மாடியில் ஒரு பெண்கள் கூட்டம் நிற்கிறது. அயியா இரினி என்ற வெண்கலக் காலக் குடியிருப்பின் கோயிலில் கிடைத்த சுடுமண் சிலைகள். ஏறக்குறைய ஐம்பது சிலைகளின் துண்டுகள் கிடைத்தன, காலம் கி.மு. 15ஆம் நூற்றாண்டு வாக்கில். சில சிறியவை, சில கிட்டத்தட்ட ஆள் உயரம். மணி வடிவப் பாவாடை, இறுக்கிய இடுப்பு, திறந்த மார்பு, கழுத்தில் தடித்த மாலை. கிரீட் தீவு மினோவன் உடைப் பாணி அது. தேவதைகளா, பூசாரிகளா, ஆடவந்த பெண்களா என்று அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அருகே போய்க் கழுத்து மாலையைப் பாருங்கள். களிமண்ணை உருட்டித் தனியாக ஒட்டியிருப்பது தெரியும்.

இவற்றில் ஒரு தலைக்கு மட்டும் தனிக் கதை. கோயில் இடிந்து பல நூறு ஆண்டுகள் கழித்து, கி.மு. 8ஆம் நூற்றாண்டு வாக்கில், அந்த இடிபாட்டில் யாரோ இந்தத் தலையைக் கண்டெடுத்து, ஒரு வளையப் பீடம் செய்து, தரையில் நிறுத்தி வழிபட்டிருக்கிறார்கள். உடல் இல்லாத தலை, தரைக்குள்ளிருந்து எழுந்து வருவதைப் போல. பின்னர் அதே இடத்தில் மதுக் கடவுள் டியோனிசஸுக்குக் காணிக்கை வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கும் மேல் ஒரே இடத்தில் வழிபாடு விடாமல் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

கீழே வந்து ஊருக்குள் நடங்கள். திட்டம் வேண்டாம், சந்துகள் எல்லாம் எப்படியும் ஏதாவது ஒரு சதுக்கத்தில் கொண்டுவந்து விடும். மேலே காஸ்ட்ரோ பகுதிக்கு ஒரு வளைவு வாசல் வழியாகப் போகலாம். பழைய யூலிஸின் கோட்டை மேடு அது. அதன்மேல் 13ஆம் நூற்றாண்டில் வெனிஸ்காரர்கள் தங்கள் கோட்டையைக் கட்டினார்கள். சுவர்களில் உற்றுப் பாருங்கள், பெரிய பழங்காலக் கற்கள் சின்னக் கற்களுக்கு நடுவே செருகியிருக்கும். நான்கு நகரங்களில் இது ஒன்று மட்டும் இன்றுவரை ஊராகவே இருப்பதற்குக் காரணம் இடம்தான்: கடலிலிருந்து 5, 6 கிலோமீட்டர் உள்ளே, மலை மடிப்பில். கடற்கொள்ளைக்காரர்கள் காலத்தில் கரையோர ஊர்கள் காலியாகி எல்லாரும் இங்கே ஏறி வந்தார்கள்.

இந்த ஊர் இரண்டு பெரும் கவிஞர்களைத் தந்தது. சிமோனிடெஸ், கி.மு. 556 வாக்கில் பிறந்தவர். பாரசீகப் படையை எதிர்த்துத் தெர்மோபிலேயில் விழுந்த ஸ்பார்ட்டா வீரர்களின் கல்லறை வரிகளை மரபு இவர் பெயரில் சொல்கிறது. இவர் சகோதரி மகன் பக்கிலிடெஸ். மருமகன் பாடல்கள் தொலைந்தே போயின என்றுதான் உலகம் நினைத்திருந்தது. 1896இல் எகிப்தில் ஒரு பாப்பிரஸ் சுருள் கிடைத்து, அடுத்த ஆண்டே லண்டனில் அச்சாகி மீண்டு வந்தார். மாமனைப் பற்றி ஒரு கதை. தெசலியில் ஒரு பிரபுவின் விருந்தில் பாடிவிட்டு, வாசலில் யாரோ கூப்பிடுவதாகச் சொல்லவே வெளியே வந்தார். அந்த நொடி கூரை இடிந்து உள்ளே இருந்தவர்கள் அடையாளம் தெரியாமல் நசுங்கினார்கள். யார் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதை மனக்கண்ணில் வரிசையாகப் பார்த்து, சிமோனிடெஸ் ஒவ்வோர் உடலையும் உரியவர்களுக்கு அடையாளம் காட்டினாராம். நினைவாற்றல் கலைக்குத் தொடக்கம் அதுதான் என்று ரோமானியர்கள் எழுதி வைத்தார்கள்.

இன்னொரு செய்தி கொஞ்சம் கனமானது. அறுபது தாண்டியவர்கள் ஹெம்லாக் நஞ்சு குடித்து இறக்க வேண்டும், மிச்சம் இருப்பவர்களுக்கு உணவு போதுமாக இருக்கும் என்று கேயாவில் ஒரு வழக்கம் இருந்ததாக பழங்காலப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். சாக்ரட்டீஸுக்குக் கொடுத்த அதே நஞ்சு. சட்டமாகவே இருந்ததா, முற்றுகைக் காலத்து முடிவு ஒன்று கதையாக வளர்ந்ததா என்ற விவாதம் உண்டு. ஆனால் ரோம எழுத்தாளர் வலேரியஸ் மாக்ஸிமஸ், தாம் யூலிஸுக்குப் போனபோது தொண்ணூறு தாண்டிய ஓர் உயர்குலப் பெண்மணி உறவினர் சூழ, சொத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அமைதியாக நஞ்சு குடித்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறார். சிமோனிடெஸே ஏறக்குறைய தொண்ணூறு வயது வரை வாழ்ந்தார். ஆனால் அவர் இறந்தது சிசிலியில்.

வெயில் தாழ்ந்ததும் சிங்கத்தைப் பார்க்கப் போங்கள். ஊரின் வடகிழக்கு ஓரத்திலிருந்து கல் பாவிய பாதை; கால் மணி நேர நடை; வழிப் பலகை இருக்கிறது. சிங்கம் சுமார் 6 மீட்டர் நீளம். அங்கேயே கிடந்த பாறையை அப்படியே செதுக்கியிருக்கிறார்கள். கி.மு. 600 வாக்கில் செய்தது என்பது பொதுவான கணிப்பு. பிடரி இல்லை, மிரட்டல் இல்லை. பால் குடித்துவிட்டு வந்து படுத்த பூனையின் முகம். வாயோரம் ஒரு சிரிப்பு. ஒரு காலத்தில் இந்தத் தீவில் நீர்த்தேவதைகள் வாழ்ந்தார்கள் என்றும், ஒரு சிங்கம் அவர்களைத் துரத்திக் கடலுக்கு அப்பால் கரிஸ்டோஸுக்கு விரட்டியது என்றும் பழங்கதை. இந்தச் சிங்கம்தான் அது என்று உள்ளூரில் சொல்வார்கள். சாய்ந்த வெயிலில்தான் செதுக்கல் எடுப்பாகத் தெரியும், நடுப்பகலில் போனால் வெறும் பாறை.

இரண்டாம் நாள்: கார்தெயா

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்று யாராவது கேட்டால், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே போங்கள் என்றுதான் சொல்வேன்.

தென்கிழக்குக் கரையில் இருக்கிறது. சாலை கிடையாது. யூலிதாவிலிருந்து தெற்கே காட்டோ மெரியா பக்கம் ஓட்டிப் போய், ஸ்டவ்ரூடாகி என்ற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, வாதிபொதாமோஸ் பள்ளத்தாக்கு வழியாக நடந்து இறங்க வேண்டும். சுமார் 3 கிலோமீட்டர். இறங்க ஒரு மணி நேரம், ஏறுவதற்கு அதைவிடக் கூட. வழியெல்லாம் பழைய கல் பாதை, படிக்கட்டு வயல்கள், ஓக் மரங்கள். இந்த ஓக்கின் விதைக் கிண்ணங்களைத் தோல் பதனிடுவதற்காகத் தீவுக்காரர்கள் நெடுங்காலம் ஏற்றுமதி செய்து பிழைத்தார்கள். கோடையில் சில நாள் படகிலும் போகலாம், ஆனால் நடந்து இறங்கும்போது ஒரு திருப்பத்தில் கோயில் மேடையும் கீழே இரட்டைக் குடாவும் சேர்ந்து கண்ணில் படுவது படகில் போனால் கிடைக்காது.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை: ஆளுக்குக் குறைந்தது இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிமானமுள்ள ஷூ (செருப்பு வேண்டவே வேண்டாம்), ஏதாவது சாப்பாடு, துண்டு. வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வையுங்கள். காலை ஏழு மணிக்கு நடையைத் தொடங்குங்கள். திரும்பும் ஏற்றத்தை நடுப்பகலில் வைத்துக்கொள்ளாதீர்கள். குடாவில் குளித்து, நிழலில் படுத்து, நான்கு மணிக்கு மேல் ஏறுங்கள். அவசரம் என்றால் 112.

அங்கே என்ன இருக்கிறது? கடலுக்கு மேல் நீண்டு நிற்கும் பாறை முகடு. அதன் நுனியை வெட்டிச் சமப்படுத்தி, கி.மு. 530 வாக்கில் அப்போலோவுக்கு ஒரு கோயில். கொஞ்சம் மேலே, கி.மு. 500 வாக்கில் அதீனாவுக்கு ஒன்று, டோரிக் பாணி. அமேசான்கள் என்ற புராணப் போர்ப்பெண்களோடு நடந்த சண்டையைக் காட்டும் அதன் சிற்பத் துண்டுகள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சரிவில் ஒரு திறந்தவெளி அரங்கம். அப்போலோ கோயில் மேடையின் ஓரத்தில் நின்று கீழே பாருங்கள்: நேர் கீழே கடல், இடப்பக்கம் ஒரு குடா, வலப்பக்கம் ஒரு குடா. துறைமுகத்துக்குள் நுழையும் எந்தக் கப்பலும் இந்தக் கோயிலை நிமிர்ந்து பார்க்காமல் நுழைந்திருக்க முடியாது. கட்டியவர்கள் அதைத்தான் கணக்குப் பண்ணியிருக்கிறார்கள்.

சிமோனிடெஸ் இங்கேதான் பாடல் குழுக்களைப் பயிற்றுவித்தார் என்று பழங்கால எழுத்தாளர் அதெனையோஸ் எழுதி வைத்திருக்கிறார். பயிற்சிக்கூடம் கடலிலிருந்து தள்ளி, மேலே, அப்போலோ கோயில் பக்கத்தில் இருந்தது. குடிதண்ணீர் கீழே ஊற்றிலிருந்து வர வேண்டும், ஒரு கழுதை சுமந்து கொண்டுவரும். கழுதைக்கு எபெயோஸ் என்று பெயர். ட்ரோய் போரில் தண்ணீர் சுமந்தவனின் பெயர், அவன் படம் அந்தக் கோயிலில் வரைந்திருந்ததாம். பயிற்சிக்கு வராமல் மட்டம் போடும் பாடகன் அந்தக் கழுதைக்கு ஒரு படி வாற்கோதுமை அபராதமாகத் தர வேண்டும். அந்த மேட்டில் இப்போதும் தண்ணீர் கிடையாது, கழுதையும் இல்லை. இரண்டு லிட்டர் என்று நான் சொன்னது அதனால்தான்.

1811-12 குளிர்காலத்தில் டென்மார்க் அறிஞர் ப்ரொன்ஸ்டெட் இங்கே முதலில் தோண்டினார். நம் காலத்தில் கிரேக்கத் தொல்லியலார் ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கோயில்களின் பகுதிகளையும் அரங்கையும் நிமிர்த்தினார்கள். அந்தப் பணிக்கு 2017இல் ஐரோப்பா நோஸ்ட்ரா என்ற மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. கற்கள் மேல் ஏறாதீர்கள், ஓட்டுத் துண்டு எதையும் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். கிரேக்கத்தில் அது விளையாட்டான குற்றம் அல்ல.

மூன்றாம் நாள்: வடக்கும் மேற்கும்

காலையில் வூர்காரி. துறையிலிருந்து பார்த்தால் குடாவுக்கு எதிரே ஒரு சின்ன முனையும் தேவாலயமும் தெரியும். அதுதான் அயியா இரினி. 1960 முதல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் ஜான் காஸ்கி குழு தோண்டியது. பெரும்பாலும் வேலிக்கு வெளியே இருந்துதான் பார்க்க முடியும். ஆனாலும் மதில், வாசல், தெருக்கள் தெளிவாகத் தெரியும். தண்ணீர் ஓரம் போய்ப் பாருங்கள், சுவர்கள் கடலுக்குள் இறங்கிப் போகும். அன்று கடல் மட்டம் தாழ்வாக இருந்தது. லாவ்ரியோ தாதுவை உருக்கிய தடயங்கள் இங்கே கிடைத்தன. கிரீட்டின் லீனியர் ஏ எழுத்தும் கிடைத்தது. இன்றுவரை யாராலும் வாசிக்க முடியாத எழுத்து. கி.மு. 15ஆம் நூற்றாண்டில் நிலநடுக்கம் ஊரைச் சாய்த்தது. நீங்கள் முதல் நாள் பார்த்த பெண்கள் நின்ற கோயில் இந்த வேலிக்குள்தான். இன்னும் பழையது வேண்டும் என்றால் வடக்குக் கரையில் கெஃபாலா முனை, கற்காலக் கடைசிக் குடியிருப்பும் கல்லறைகளும்; பார்க்க அதிகம் இல்லை, தொல்லியல் பித்து இருந்தால் மட்டும் போங்கள். குடா வாயில் பக்கம் நிலக்கரிக் கிடங்கின் இடிபாடு ஒன்று தெரியும். நீராவிக் கப்பல் காலத்தில் இங்கே நிறுத்தி நிலக்கரி ஏற்றிக்கொள்வார்கள்.

அடுத்து கொரிஸியா. பழைய கொரேசியா கண்ணுக்கு அதிகம் தெரியாது. துறைமுகத்துக்கு மேலே மேட்டில் மதில் துண்டுகள் மட்டும். ஆனால் இந்தத் துறைமுகத்தின் வழியாகத்தான் கேயாவின் செங்காவி போனது. மண்ணில் வெட்டியெடுத்த இந்தச் சிவப்புக் காவிக்குக் கப்பல் பூச்சிலும் பானைத் தொழிலிலும் கிராக்கி. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் ஓர் ஒப்பந்தம் போட்டுக் கல்லில் வெட்டியது: காவியை ஏதென்ஸுக்கு மட்டும்தான் விற்க வேண்டும், ஏதென்ஸ் குறித்துக் கொடுக்கும் கப்பலில்தான் ஏற்ற வேண்டும், மீறுபவனைக் காட்டிக் கொடுத்தால் பரிசு. கூட்டாளி நகரம் என்று பெயர், நடத்தியது குத்தகைக்காரனைப் போல. பின்னர் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் டாலமி அரசர்கள் இதைக் கடற்படைத் தளமாக்கி, அரசி பெயரில் அர்சினோயே என்று அழைத்தார்கள். துறைமுக ஓரம் நிற்கும் உயரமான புகைபோக்கி மட்டும் பழங்காலம் அல்ல, போன நூற்றாண்டின் எனாமல் பாத்திரத் தொழிற்சாலை.

பிற்பகல் போயியேசாவுக்கு. யூலிதாவிலிருந்து தென்மேற்கே இறங்கும் சாலையில், அயியா மரீனா மடத்தை ஒட்டிப் பழங்காலக் காவல் கோபுரம் ஒன்று பாதி இடிந்தும் பல தளம் உயரத்துக்கு நிற்கிறது. சுண்ணமோ சாந்தோ இல்லாமல் கல்லின் மேல் கல் வைத்து எழுப்பியது. உள்ளே நுழைய வேண்டாம், வெளியே சுற்றிப் பார்த்தால் போதும். கீழே பீசெஸ் பள்ளத்தாக்கு: தோட்டங்கள், நல்ல மணல் கடற்கரை. ட்ரோய் போரிலிருந்து திரும்பிய கிழ அரசன் நெஸ்டோர் இங்கே அதீனாவுக்குக் கோயில் எழுப்பினான் என்று ஸ்ட்ராபோ சொல்கிறார். அவர் காலத்துக்கு முன்பே போயியேசா மக்கள் கார்தெயாவோடும் கொரேசியா மக்கள் யூலிஸோடும் சேர்ந்துவிட்டார்கள், நான்கு இரண்டாகிவிட்டது. இடிபாடு என்று பெரிதாக எதுவும் இல்லை. கடலில் இறங்குங்கள்.

சாப்பாடு

அசைவம் என்றால் லோசா என்ற பதப்படுத்திய பன்றி இறைச்சியும், பன்றியும் முட்டையும் தக்காளியும் சேர்ந்த பஸ்பலாஸும் கேயாவின் சொந்தச் சரக்கு. தைம் தேன் எல்லாரும் வாங்கலாம். சைவர்கள் பயப்பட வேண்டாம். ஃபாவா என்ற பருப்பு மசியல், கிகாண்டெஸ் என்ற பெரிய மொச்சை, வேகவைத்த கீரையான ஹோர்த்தா, அரிசி அடைத்த தக்காளி எல்லாம் சாதாரணமாகவே கிடைக்கும். "நிஸ்திசிமோ" என்று கேளுங்கள். கிறிஸ்தவ நோன்பு உணவு, இறைச்சி, பால், முட்டை இருக்காது. ஆனால் கணவாயும் இறாலும் நோன்பில் சேர்த்தி, அதனால் அவை வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள். காரம் எங்கேயும் கிடையாது. பொடி டப்பா ஒன்று பையில் இருக்கட்டும்.

திரும்பும்போது

கப்பலும் சர்வதேச விமானமும் ஒரே நாளில் வேண்டாம். காற்று எழுந்தால் இரண்டும் போய்விடும். ஓர் இரவு ஏதென்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் தேசிய தொல்லியல் அருங்காட்சியகம் போனால், கொரிஸியாவில் 1930இல் கிடைத்த இளைஞன் சிலை அங்கே நிற்கிறது, கி.மு. 530 வாக்கில் செதுக்கியது, கார்தெயாவின் அப்போலோ கோயிலுக்குச் சம வயது. குரோஸ் என்று அழைக்கும் இப்படிப்பட்ட இளைஞன் சிலைகள் வரிசையாக நிற்கும் கூடங்களில், கீழே சீட்டில் கேயோஸ் என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள்.